மூப்பர் லெயோத்தாவும் லேகாலின் தகரக் கூரையும்

நெஞ்சில் குத்தியிருந்த கறுப்புப் பெயர்ப் பட்டையில் சீன எழுத்தில் 'மூப்பர் லெயோத்தா' என்று இருந்தது. மூப்பருக்கு வயது இருபது. தைவானின் தாய்துங் கடற்கரைச் சாலையில் அதைப் படித்துவிட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு. பாக்குக் கடைப் பெண்கள் சைக்கிளை மறித்தே கேட்பார்கள்: "மூப்பரே, பல்லெல்லாம் சொந்தப் பல்லுதானா?"

பசிபிக் தீவான சமோவாவில் அவனை வழியனுப்பப் பன்றி அடித்து ஊருக்கே விருந்து வைத்தார்கள். மோர்மன் சபையில் பையன்கள் வெளிநாட்டு ஊழியத்துக்குப் போவது குடும்பத்துக்கே பெருமை. அப்படிப் போகிறவன் எந்த வயதானாலும் 'மூப்பர்'தான். அவன் அண்ணன் பிலிப்பைன்ஸில் ஊழியம் முடித்துத் திரும்பியபோது, ஞானஸ்நானம் வாங்கியவர்களின் படங்களை மாட்டவே வீட்டில் ஒரு சுவர் தேவைப்பட்டது. லெயோத்தா தைவானுக்கு வந்து ஓராண்டு தாண்டிவிட்டது. ஒரு படம் மாட்ட ஆணி அடிக்கக்கூட வேலை வரவில்லை.

கூட ஊழியம் செய்தவன் அமெரிக்காவின் யூட்டாக்காரன் ஹால்வர்சன். ஒருவரை ஒருவர் கண்ணைவிட்டு அகலக் கூடாது என்பது விதி. குளியலறையைத் தவிர லெயோத்தாவுக்குத் தனிமை கிடையாது. அங்கேயும் வெளியிலிருந்து ஹால்வர்சன் சீன வாக்கியங்களைச் சத்தமாக ஒப்பித்துக்கொண்டிருப்பான். அவன் சீன மொழி தண்ணீர் மாதிரி ஓடும். லெயோத்தாவின் சீன மொழிக்கு ஒவ்வொரு வார்த்தையிலும் கல் தடுக்கும். ஆனால் ஊர்க்காரர்கள் வெள்ளைக்காரனை விட்டுவிட்டு இவனிடம்தான் மடமடவென்று பேச ஆரம்பிப்பார்கள். முகமும் உடம்பும் அப்படியே அந்தக் கடற்கரையின் பூர்வகுடிகளான அமிஸ் ஆட்களைப்போல.

"நீ துலான் பக்கமா? யார் வீட்டுப் பையன்?"

"நான் சமோவா."

"அது எந்தக் கிராமம்? மலைக்கு அந்தப் பக்கமா?"

ஒவ்வொரு வீட்டிலும் தேநீர் வரும். சபை விதிப்படி தேநீர் கூடாது. அரிசிக் கள் வரும். அது அறவே கூடாது. வெந்நீரைக் குடித்துக் குடித்து லெயோத்தாவுக்கு நாக்கே மரத்துப் போயிருந்தது. வேதத்தை எடுத்தால் அடுப்பில் ஏதோ கருகுகிற ஞாபகம் வந்து எல்லோரும் எழுந்துவிடுவார்கள்.

லேகால் மட்டும் எழவில்லை. கட்டட வேலைக்குப் போகிற அமிஸ்காரர், நாற்பது வயது இருக்கும். வேலை இல்லாத நாட்களில் தன் வீட்டுத் தகரக் கூரையைத் தானே மாற்றிக்கொண்டிருந்தார். முதல் நாள் லெயோத்தா கையை விரித்துக் காட்டி, தன் மொழியில் ஐந்துக்கு 'லிமா' என்றான். லேகால் ஏணியிலிருந்து குதித்தே இறங்கினார்.

"எங்களுக்கும் லிமாதான்டா! கண்ணுக்கு என்ன?"

"மாத்தா."

"அடப்பாவி! சவ்மா, இங்க வா. நம்ம சொந்தக்காரன் ஒருத்தன் வந்திருக்கான்!"

அவர் மனைவி சவ்மா ஈரக் கையைத் துடைத்தபடியே வந்து பார்த்துவிட்டு, "சாப்பாடு போட்டா ஒரு பானை காலியாகும் போலிருக்கே" என்றாள்.

அன்றிலிருந்து வாரம் தவறாமல் போனார்கள். லேகால் கண் கொட்டாமல் கேட்டார், கேள்வி கேட்டார், மறுபடி வரச் சொன்னார். லெயோத்தா அப்பாவிடம் தொலைபேசியில், "ஞானஸ்நானத்துக்கு ஒருத்தர் நெருங்கிட்டார்பா" என்று சொல்லிவிட்டான். அப்பா அதை ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று அறிவித்தும்விட்டார்.

ஒருநாள் திரும்பும் வழியில் ஹால்வர்சன் சைக்கிளை நிறுத்தினான். "நான் சொன்னா கோவப்படாதே. அவர் கேக்குற கேள்வியை எப்பவாவது கவனிச்சியா? 'காதுக்கு என்ன? தலைக்கு என்ன?' ஜெபத்தைப் பத்தி ஒரு கேள்வி உண்டா? அவருக்கு வார்த்தைதான் வேணும். நம்ம நேரம் வீணாப் போகுது."

"உனக்கு வயித்தெரிச்சல். உன்னை யாரும் சொந்தக்காரன்னு கூப்பிடலையே" என்றான் லெயோத்தா. ஆனால் ஹால்வர்சன் சொன்னது உண்மை என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. அதுதான் எரிந்தது.

அடுத்த வாரம் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பாதிப் பேச்சில் இருந்தபோது லேகால் காதைத் தொட்டுக் காட்டினார். "தலிங்காதானே? எங்களுக்குத் தங்கிலா. பாத்தியா, எழுத்து மட்டும் இடம் மாறிக் கெடக்கு!"

லெயோத்தா வேதத்தைப் படீரென்று மூடினான். "காதுக்கு வார்த்தை சொல்லவா நான் கடல் தாண்டி வந்தேன்? இத்தனை வாரமா என்னை வச்சு விளையாடினீங்களா?"

லேகாலின் முகம் கறுத்தது.

"தம்பி, எங்க தாத்தா காலத்துல ஒரு வெள்ளைக்காரச் சாமியார் வந்தார். உங்க சாமியெல்லாம் சாமி இல்லன்னார். சரின்னு மாதா கோயிலுக்குப் போனோம். இன்னிவரைக்கும் போறோம். இப்ப நீ வந்து அந்தக் கோயிலும் சரியில்லங்கிற. அவர் வெளியூர்க்காரர், சொன்னார், போகட்டும். உன் மூஞ்சி என் மூஞ்சி மாதிரி இருக்கு. நீயும் என்னைத் திருத்தத்தான் வந்தியா?"

லெயோத்தா வேதத்தைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தான். வெளியே போய்ச் சைக்கிளை மிதித்தான். பின்னால் ஹால்வர்சன், "நில்லு! விதி இருக்கு, நில்லு!" என்று கத்திக்கொண்டே துரத்தினான். அலைத்தடுப்புக் கற்கள்வரை போய், அழக்கூடத் தனியாக இடம் இல்லாத எரிச்சலில், லெயோத்தா தலைக்கவசத்தைக் கழற்றிக் கல்லில் எறிந்தான். அது உடைந்தது.

ஹால்வர்சன் வந்து மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தான். "நான் ஊருக்குத் திரும்ப இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு" என்றான். "எனக்கும் ஞானஸ்நானம் வாங்கினவங்க ஒருத்தர்கூட இல்லை. வீட்டுல இன்னும் சொல்லலை."

மன்னிப்புக் கேட்க லெயோத்தாவுக்குச் சில நாள் பிடித்தது. போனபோது லேகால் இல்லை. வடக்கே கட்டட வேலைக்குப் போய்விட்டார், எப்போது வருவாரோ. சூறாவளி வருவதாகச் செய்தி. கூரையில் பாதித் தகரம் ஆணியில்லாமல் படபடத்துக்கொண்டிருந்தது.

"பேசுறதுக்கு வந்தியா, இல்ல ஏதாவது செய்வியா?" என்றாள் சவ்மா.

இருவரும் வெள்ளைச் சட்டையோடு ஏறினார்கள். ஹால்வர்சன் ஆணிக்குப் பதில் தன் விரலை அடித்துக்கொண்டான். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. "மூப்பருங்க ரெண்டு பேரும் பாத்து எறங்குங்க, வயசான காலத்துல!" என்று கீழேயிருந்து ஒரு குரல்.

பாதி வேலையில் சவ்மா தொலைபேசியை ஏணி வழியாக நீட்டினாள். "அவருதான். நீயே சொல்லு."

அந்தப் பக்கம் கான்கிரீட் உடைக்கிற இரைச்சல். "என்னை மன்னிச்சிடுங்க அண்ணே!" என்று லெயோத்தா கத்தினான்.

"என்னது? எண்ணெய்யா?"

"மன்னிப்பு! நான் தப்பாப் பேசிட்டேன்!"

"ஒண்ணும் கேக்கலடா! கூரையை நல்லா அடிச்சியா?"

"அடிச்சிட்டேன்! நான் சொல்றது..."

இணைப்பு அறுந்தது. தெரு முழுவதும் கேட்டுவிட்டது, கேட்க வேண்டியவரைத் தவிர. மறுபடி அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கூரை சூறாவளிக்குத் தாங்கியது. அந்த வாரமே சபையிலிருந்து மாற்றல் உத்தரவு வந்தது. லெயோத்தாவுக்கு மேற்குக் கரையில் ஒரு தொழிற்சாலை நகரம். கூட வரப்போகிறவன் கனடாக்காரன். சவ்மா ரயில் நிலையத்துக்கு ஒட்டரிசிச் சோறு கட்டிக் கொண்டுவந்தாள்.

"அவர்கிட்ட நான் சொன்னதைச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லலாம்னுதான் இருக்கேன். அவரு ஃபோனை எடுத்தாத்தானே?"

ரயில் கிளம்பியதும் சோற்றைப் பிரித்துக் கொஞ்சம் தின்றான். மீதியை மறுபடி கட்டிவைத்தான். அன்று மாலை அப்பா அழைத்தார். முதல் கேள்வி, நெருங்கிவிட்ட அந்த ஒருவர் என்ன ஆனார் என்பதுதான்.