காருக்கு இடது பக்கம் நிற்கிறவர்

பாலர் பள்ளிச் சமையலறையில் பருப்பு சூப் கொதித்துக்கொண்டிருக்கிறது. நாஸ்மி பெரிய பானையின் மூடியை எடுத்து ஏப்ரனில் துடைத்து, முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறார். இடது புருவத்தை ஒரு நூல் கீழே இறக்குகிறார். தாடையைச் சற்று முன்னே தள்ளுகிறார். இமைக்காமல் இருபது எண்ணுகிறார். பிறகு மூடியைப் பானை மேல் வைத்துவிட்டு உப்பு பார்க்கிறார். வாரத்தில் இரண்டு நாளாவது இந்தப் பயிற்சி உண்டு.

திரானா நகரத்தில் ராப் பாட்டின் வீடியோ கிளிப் பார்க்கிற எவருக்கும் அவர் முகம் தெரியும், பெயர் தெரியாது. முன்னால் ஒருவன் சங்கிலி போட்டுக்கொண்டு கையை வீசிப் பாடுவான். அவனுக்குப் பின்னால் பளபளவென்று ஒரு கார். காருக்கு இடது பக்கம், நூற்று முப்பது கிலோவும் கறுப்பு பனியனுமாகக் கைகட்டி முறைத்துக்கொண்டு நிற்பவர் நாஸ்மி. எட்டு வருடத்தில் ஐம்பத்தெட்டு கிளிப்கள். ஒன்றிலும் வாய் திறந்ததில்லை.

ஆரம்பம் தற்செயல்தான். கொம்பினாட் பேட்டைப் பக்கம் ஒரு சாயங்காலம், பள்ளிக்கு வாங்கிய வெங்காய மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தவர், தெரியாமல் படப்பிடிப்புக்குள் நுழைந்துவிட்டார். வெயில் கண்ணில் அடித்ததால் முகத்தைச் சுளித்திருந்தார். "அண்ணே, அசையாதீங்க!" என்று டைரக்டர் சைமீர் கத்தினான். பாட்டு வெளிவந்ததும், அந்த மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று ஊரே ஆராய்ச்சி செய்தது. பணம் என்றார்கள், துப்பாக்கி என்றார்கள், அதைவிட மோசமானதெல்லாம் சொன்னார்கள். வெங்காயம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

உடையையும் இடத்தையும் பார்த்தே நாஸ்மி பாட்டைச் சொல்லிவிடுவார். ரோமக் கோட்டு என்றால் 'பசியில் கிடந்தேன், இப்போது பார்' பாட்டு. இடிந்த தொழிற்சாலைச் சுவர் என்றால் கூட இருந்த நண்பன் துரோகம் செய்த பாட்டு. துர்ரஸ் கடற்கரையும் பெண்களும் என்றால் கோடைப் பாட்டு. அதற்கு மட்டும் அவரைக் கூப்பிடமாட்டார்கள். "கடலுக்கு முன்னாடி நான் நின்னா கடல் எங்க தெரியும்?" என்பார்.

மெதுவாக நகரவேண்டிய காட்சி என்றால், பிறகு படத்தை மெதுவாக்கும்போது வாயசைவு பொருந்துவதற்காக, எடுக்கும்போது பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுவார்கள். சுண்டெலி கத்துகிற மாதிரி இருக்கும். ஊரையே மிரட்டுகிற வரிகளை அந்த எலிக்குரலுக்கு ஒருவன் வாயசைக்க, சுற்றி நிற்கிற பையன்கள் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துவிடுவார்கள். நாஸ்மி அசையமாட்டார். நாய்க்குப் பயந்தவர்தான், ஆனாலும் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு கறுப்பு நாயை, சங்கிலியோடு கையில் பிடித்து நின்றிருக்கிறார். நாயின் சொந்தக்காரர் இன்னொரு கயிற்றோடு காருக்கு அடியில் படுத்திருந்தார் என்பது வேறு விஷயம்.

"முன்னாடி நிக்கிற பய என்ன வேணா புளுகட்டும்," என்பார் நாஸ்மி. "பின்னாடி நிக்கிறவன் அதை நம்பணும். நானே நம்பலைன்னா வேற எவன் நம்புவான்?"

இந்த மார்ச் மாதத்தில் ஒரு நாள், சமையலறையின் பின்வாசலில் ஓர் இளம்பெண் வந்து நின்றாள். பெயர் இல்டா. மேடையில் 'குளவி' என்று பாடுகிறவள். ஒல்லியான உடம்பு, பேச்சு மட்டும் படபடவென்று பொரியும்.

"சித்தப்பா, ஒரு கிளிப் எடுக்கிறேன். நீங்க முன்னாடி. நான் பின்னாடி."

நாஸ்மிக்குப் புரியவில்லை. "பாடுறது யாரு?"

"நான்தான். பின்னாடி கைகட்டி முறைச்சுக்கிட்டே பாடுவேன். கூட அஞ்சு பொண்ணுங்க. முன்னாடி நீங்க சோறாக்குவீங்க. இந்த அடுப்பு, இந்த ஏப்ரன், இந்தக் கரண்டி. சங்கிலியைக் கேமரா வெச்சு கீழேருந்து எடுப்பாங்கல்ல, அந்த மாதிரி கரண்டியைக் கீழேருந்து எடுப்போம்."

"எதுக்கும்மா இந்த வேலை?"

"பொண்ணு ராப் பாடினா ரெண்டு வழிதான் விட்டு வெச்சிருக்கானுங்க. துணியைக் கொறைச்சுக்கிட்டு ஆடணும், இல்லைன்னா ஆம்பிளை மாதிரி கார் மேல ஏறி உக்காரணும். எனக்கு ரெண்டும் புடிக்கல. உங்க இடம்தான் புடிச்சிருக்கு. ஒண்ணும் பேசாம நிப்பீங்க, ஆனா எல்லாரும் உங்களைத்தான் பாப்பாங்க."

"நான் என்ன பண்ணணும்?"

"சிரிக்கணும் சித்தப்பா."

நாஸ்மி முடியாது என்று சொல்லிவிட்டார். அவளுக்குக் காரணம் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் அவருக்குப் 'பூசணி' என்று பெயர். ராணுவத்திலும் பூசணி. கல்யாணத்தன்றுகூட மாமியார் வீட்டுப் பக்கத்தில் யாரோ அப்படிக் கூப்பிட்டு நாலு பேர் சிரித்தார்கள். இந்த முறைப்பு வந்த பிறகு ஒருத்தரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. வங்கியில் வரிசை தானாக வழிவிடுகிறது. ஏப்ரன் கட்டி, குழந்தைகளின் கிண்ணங்களுக்கு நடுவில் சிரித்துக்கொண்டு நின்றால் மறுபடி பூசணிதான்.

வீட்டில் மனைவி மிமோசாவிடம் இதைச் சொன்னார். அவள் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். கீரை அடைத்துச் சுட்ட பீரெக்கை வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"உனக்கு ஒரு விஷயம் தெரியுமாய்யா? போன வாரம் கடைக்கு வந்த ஒரு அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டா. 'உன் வீட்டுக்காரர் உன்னை அடிப்பாராம்மா? பயப்படாம சொல்லு'ன்னு கேட்டா."

நாஸ்மியின் கையிலிருந்த பீரெக் துண்டு தட்டிலேயே விழுந்தது.

"நீ என்ன சொன்ன?"

"சிரிச்சேன். பயத்துல சிரிக்கிறேன்னு நெனச்சிட்டா. பாவம், போற வரைக்கும் என்னைத் திரும்பித் திரும்பிப் பாத்தா."

அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை பானைக்கு அடியில் தீயைக் குறைத்துவிட்டு இல்டாவுக்குப் போன் செய்தார். "எந்தக் கிழமைம்மா?"

சனிக்கிழமை. பள்ளிக்கு விடுமுறை. தலைமை ஆசிரியை அனுமதி கொடுத்ததோடு நிற்காமல், தானும் வந்து ஓர் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். டைரக்டர் சைமீர்தான். பெண்கள் ஆறு பேரும் அடுப்புக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். நாஸ்மி அவர்களை ஒரு முறை நோட்டம் விட்டார்.

"கையை நெஞ்சு மேல கட்டாத, எறக்கிக் கட்டு. கோபப்படாத. கோபம்னா பயந்துட்டேன்னு அர்த்தம். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரமா காத்திருக்கிற மாதிரி பாரு."

ஆறு பேரும் அப்படியே பார்த்தார்கள். சமையலறையே சில்லிட்டுப் போனது. தலைமை ஆசிரியை நாற்காலியை இரண்டடி பின்னுக்கு நகர்த்திக்கொண்டாள்.

நாஸ்மிக்குத்தான் சிக்கல். கேமரா ஓட ஆரம்பித்தவுடன் புருவம் தானாகக் கீழே இறங்கியது. எட்டு வருடப் பழக்கம், என்ன செய்தும் போகவில்லை. சிரிக்கச் சொன்னால் பல்வலிக்காரர் மாதிரி வாயைக் கோணினார்.

"அண்ணே, சோறாக்குறீங்க, கொலை பண்ணல," என்றான் சைமீர்.

பத்து முறை, பதினைந்து முறை எடுத்தார்கள். வியர்வை வழிந்தது. "என்னால ஆகாதும்மா, வேற ஆளைப் பாரு," என்று அவர் ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்கப் போனார். இல்டா கட்டிய கையைப் பிரிக்கவில்லை. பாட்டும் கேமராவும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன; அவள் பார்வை மட்டும் அடுப்புப் பக்கம் போனது. பெரிய பானையில் பால்சோறு பொங்கிக் கழுத்து வரைக்கும் வந்திருந்தது.

"எவன்டா தீயைக் கூட்டினது!"

நாஸ்மி பாய்ந்தார். கேமராவை மறந்தார், விளக்கை மறந்தார், காலில் மாட்டிய வயரை எட்டி உதைத்தார். பானையை அப்படியே தூக்கி இறக்கி, உஸ் உஸ் என்று ஊதி, ஓரமெல்லாம் கிண்டிவிட்டார். ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். அடிப்பிடிக்கவில்லை. பட்டை வாசம், எலுமிச்சைத் தோல், இனிப்பு எல்லாம் அளவாக இருந்தன. முகம் முழுக்க மெதுவாக மலர்ந்தது. முன்பல் இரண்டுக்கும் நடுவே இடைவெளி, கன்னத்தில் குழி. அவருக்குப் பின்னால் ஆறு பெண்கள் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். இல்டா ஒரு வரியும் தவறவிடாமல் பாடிக்கொண்டிருந்தாள்.

"கட்," என்று சொன்ன சைமீர், ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பானைப் பக்கம் வந்தான்.

பாட்டு வெளிவந்து இரண்டே நாளில் ஊரெல்லாம் அதைத்தான் பார்த்தது. 'இந்த ஆளுக்குப் பல்லு இருக்கா!' என்று எழுதியிருந்தார் ஒருவர். பூசணி என்று ஒருவரும் எழுதவில்லை. நாஸ்மி எல்லாவற்றையும் படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். ஆனால் அதன் பிறகு ஐந்து வாரம் யாரும் படப்பிடிப்புக்குக் கூப்பிடவில்லை. "அண்ணே, உங்க முகத்தைக் கெடுத்துட்டா அந்தப் பொண்ணு," என்றார் ஒரு தயாரிப்பாளர். நாஸ்மி போனைப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தார். மருந்துக் கடையில் நிலைமை வேறு. அந்த அம்மா மறுபடி வந்து, பால்சோற்றுக்கு எலுமிச்சைத் தோலை எப்போது போடவேண்டும் என்று கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனாள்.

ஜூனில் ஒரே வாரத்தில் நான்கு பேர் கூப்பிட்டார்கள். நான்கு பேரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "அந்த ஏப்ரனோட வாங்க." இப்போது கிளிப் என்றால் சமையல்காரர் வேண்டுமாம். ஒருவன் கரண்டிக்குத் தங்க முலாமே பூசி வைத்திருந்தான்.

இல்டா போனில் குதித்தாள். "நான் ஒடச்சதையெல்லாம் இவனுங்க பொறுக்கி ஒட்டி, பொம்மை பண்ணி விக்கிறானுங்க சித்தப்பா!"

"விடும்மா. உன் கூட அஞ்சு பொண்ணுங்க கைகட்டி நின்னாங்களே, அதை ஒருத்தனும் தொடலையே. அதுக்கு தைரியம் வேணும்."

நான்கு பேருக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "ஏப்ரன் காலைல ஏழு மணிலேருந்து மூணு மணி வரைக்கும். அது புள்ளைங்களுக்கு. பின்னாடி நிக்கணும்னா சொல்லு, வரேன்." மூன்று பேர் போனை வைத்துவிட்டார்கள். நான்காமவன் வரச் சொன்னான்.

அது ஷ்பெந்த் என்கிற பத்தொன்பது வயதுப் பையனின் முதல் கிளிப். ஏரிக்கரையில் ஜூலை வெயில். முழங்கால் வரைக்கும் வெள்ளை ரோமக் கோட்டு. பையனுக்கு உதடு காய்ந்து, தண்ணீர் குடித்துக் குடித்துப் பாட்டிலே காலியாகியிருந்தது. நாஸ்மி தன் இடத்தில், காருக்கு இடது பக்கம், முறைத்தபடி நின்றார். பாட்டு ஓட ஆரம்பித்தது. சைமீர் கையை உயர்த்தினான். பையன் முதல் வரிக்கு வாய் திறக்கும் முன்பே, நாஸ்மி புருவத்தை அசைக்காமல் ஒரு கையை மட்டும் நீட்டி, அவன் கழுத்துக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த, கோட்டை வாடகைக்குக் கொடுத்த கடையின் சீட்டைக் காலருக்குள் செருகினார்.