எல்லை தாண்டிய மூட்டைகளும் எஸ்தர் டைப்பிஸ்டும்

எங்கள் தொழிலில் ஒரு வேகன் சரக்கு நகர எஞ்சின் மட்டும் போதாது, ஒரு கத்தைக் காகிதமும் வேண்டும். எண்பதுகளின் நடுவிலிருந்து சில வருஷம் அருப்புக்கோட்டையில் செல்லையா அண்ணாச்சி நடத்திய கிளியரிங் ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். மிளகாயும் லுங்கியும் எங்கள் ஸ்டேஷனில் ரயிலேறி நேபாளத்துக்கும் பங்களாதேஷுக்கும் போகும். சுங்கப் படிவங்களை நான் தட்டுவேன். ஏதாவது ஒரு கவுண்டரில் "இதுல ஒரு கையெழுத்துக் கொறையுதே" என்று சொல்லக் கேட்டு, வெயிலில் திரும்பி நடந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

விளைந்த நாடு

பந்தல்குடி சீனிச்சாமி ஐயா முதல் தடவையாக நேபாளத்துக்கு மிளகாய் அனுப்ப வந்தார். சொந்தக் கரிசலில் விளைந்தது போக, அக்கம்பக்கத்துக் காடுகளில் விளைந்ததையும் வாங்கிச் சேர்த்திருந்தார். 'எந்த நாட்டில் விளைந்தது' என்று படிவத்தில் ஒரு கட்டம். கேட்டேன். "பந்தல்குடி" என்றார். நான் தட்டியதும், "என்ன தாயி அடிச்ச?" என்றார். 'இந்தியா' என்று சொன்னேன். முகம் வாடிவிட்டது.

"இந்தியான்னு மொட்டையாப் போட்டா எப்பிடி தாயி? நம்ம மொளகாய்க்கும் மத்த ஊரு மொளகாய்க்கும் வித்தியாசம் தெரிய வேணாமா?"

பரிசோதனை

அந்த மிளகாயைப் பார்க்கத் தூத்துக்குடியிலிருந்து சுங்க அதிகாரி வந்தார். வேலைக்குப் புதுசு. ஒரு மூட்டை விடாமல் அவிழ்க்கணும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, முதல் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கிளறினார். பிறகு தும்மல். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர். அண்ணாச்சி சோடாவுக்கு ஆளை விரட்டினார். அதிகாரி கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டே கேட்டார்:

"மத்த மூட்டையும் இதே மாதிரிதான இருக்கும்?"

இருட்டில் நான்

லுங்கி ஏற்றும் முன் வேகனில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது பாதுகாப்பு விதி. ஒருவர் உள்ளே நிற்க வேண்டும், கதவைச் சாத்துவார்கள், எங்காவது வெளிச்சப் புள்ளி தெரிந்தால் அந்த வேகன் ஆகாது. அன்றைக்கு லோடுமேன்கள் சாப்பிடப் போயிருந்ததால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானே ஏறினேன். உள்ளே முந்தின லோடின் புண்ணாக்கு வாசனை. அண்ணாந்து பார்த்தேன். சொட்டு வெளிச்சம் இல்லை.

திடீரென்று ஒரு இடி. எஞ்சினைக் கொண்டுவந்து மாட்டிவிட்டார்கள். வேகன் நகர்ந்தது. இரண்டு கையாலும் கதவில் அடித்து, "இயேசப்பா!" என்று கத்தினேன். யார்டின் கோடி வரைதான் போனதாம். எனக்கென்னவோ பாதி பங்களாதேஷ் வந்துவிட்ட மாதிரி இருந்தது. என் கூச்சல் கேட்டு, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் ஓடி வந்து கதவைத் திறந்தார். பின்னாலேயே அண்ணாச்சி, வேட்டியைக் கையில் பிடித்தபடி மூச்சிரைக்க வந்தார். நல்லா இருக்கியா என்று கேட்பார் என நினைத்தேன்.

"ஓட்ட எதுவும் இல்லேல்ல எஸ்தரு?"

இரண்டு ஏசுவடியான்

பாளையம்பட்டி ஏசுவடியான் அண்ணன் தன் தறிகளில் நெய்த லுங்கியை ஒரு வேகன் நிறைய பங்களாதேஷுக்கு அனுப்பினார். எல்லையில் நிறுத்திவிட்டார்கள். பேங்க் காகிதத்தில் அவர் பேர் ஆங்கில 'ஜே'யில் தொடங்கியது, அவர் கொடுத்த பில்லில் 'ஒய்'யில். ஆள் ஒருவரா இருவரா என்று தெரியாமல் விடமாட்டோம் என்றார்கள். அங்கே மழைக்காலம். லுங்கிக் கட்டுகளை இறக்கித் திறந்தவெளியில் தார்ப்பாய் போட்டு மூடியிருப்பதாகத் தகவல்.

காலையில் ஆபீஸைத் திறக்கும்போதே அண்ணன் வாசலில் நிற்பார். டெலிபோனுக்கு எதிரே உட்காருவார். மணி அடித்தால் எழுந்து நிற்பார். சரக்குக்குப் பணம் வராததால் நூல் வாங்க வழியில்லாமல் தறிகள் நின்றுபோயிருந்தன. "வீட்ல இருந்தா தறிக்காரங்க மூஞ்சியப் பாக்கணும், அதான் இங்க வாரேன்" என்றார். ஒருநாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன். வேறென்ன செய்ய?

கடைசியில் வக்கீல் சொன்னபடி, இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று அண்ணனே சத்தியம் செய்து பத்திரம் எழுதினார். தபாலை நம்பாமல் செல்லையா அண்ணாச்சி அதை எடுத்துக்கொண்டு ரயிலேறினார். அப்புறம் ஒரு மத்தியானம் எல்லையிலிருந்து அவருடைய டிரங்கால்: "தாண்டிருச்சு! அடி வரிசைதான் நனைஞ்சிருக்கு." நான் சொன்னதும், மணிச் சத்தத்துக்கு எழுந்து நின்ற ஏசுவடியான் அண்ணன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு சிரித்தார்.

"நான்தான் நான்னு கவருமெண்டுக்கே எழுதிக் குடுத்துட்டேன் தங்கச்சி. இனிமே என்னய யாரும் இல்லேன்னு சொல்ல முடியாதுல்ல?"

தொண்ணூறுகளில் கண்டெய்னர் லாரிகள் வந்து சரக்கை நேரே துறைமுகத்துக்கு அள்ளிக்கொண்டு போனபின், அண்ணாச்சி ஆபீஸை மூடினார். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் இன்னும் என் தலை தானாகத் திரும்பும். எத்தனையோ மூட்டைகளை எல்லை தாண்ட வைத்த எனக்கு இன்றுவரை பாஸ்போர்ட் கிடையாது, எடுக்கிற ஆசையும் இல்லை, அதற்கும் படிவம் நிரப்பணுமாமே!