தோராவின் வயிற்றுக்குள் ஹின்னர்க்

ஹாம்பர்க் துறைமுகத்தில் வணக்கத்துக்கு ஒரே சொல்தான்: காலையில் பார்த்தாலும் ‘மொய்ன்’, மாலையில் பார்த்தாலும் ‘மொய்ன்’. கல்யாண வீட்டு மொய் மாதிரிதான். வைத்தவருக்குத் திருப்பி வைத்துவிட்டால் விஷயம் முடிந்தது. அதையே இரண்டு முறை சேர்த்துச் சொன்னவனுக்கு வாயாடி என்று பெயர். இப்படிப்பட்ட ஊரில் ஒருவருடைய காது செத்துப்போனதை நான்கு வருடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றால் அதில் அதிசயம் என்ன?

அந்த ஒருவர் ஹின்னர்க். வயது எழுபத்து நான்கு. தோரா என்ற பழைய தீயணைப்புப் படகில் முப்பத்தோரு வருடமாக இன்ஜின் பார்ப்பவர். தோரா தீயை அணைத்து ஓய்ந்துபோய்ப் பல காலம் ஆகிறது. கரையில் கட்டி வைத்து, திருவிழா நாட்களில் தண்ணீர் பீய்ச்சிக் காட்டுவார்கள். ஓட்டுகிறவர்கள் அத்தனை பேரும் சம்பளம் வாங்காத பைத்தியங்கள்.

தோராவில் சுக்கான் பிடிப்பவர் இன்ஜினைத் தாமே தொட முடியாது. மேலே பித்தளைக் கைப்பிடியைத் தள்ளினால் கீழே மணி அடிக்கும். தட்டில் முள் நகரும். முன்னே, நில், பின்னே. கீழே இருப்பவர் பதில் மணி அடித்துவிட்டு அதன்படி செய்வார். மேலே ஹைன்கே, இழுவைப் படகுகளில் வேலை பார்த்தே தலை நரைத்த கேப்டன் அம்மாள். கீழே ஹின்னர்க். மனைவி கேஸா போய்ச் சேர்ந்த பிறகு அவரோடு பேசிய ஒரே ஜீவன் அந்த மணிதான். காது போனது தெரிந்தால் அதையும் பிடுங்கிக்கொள்வார்கள். ஆகவே அவர் முள்ளைப் பார்த்தபடியே நின்றார். காப்பி குடிப்பதில்லை, உட்காருவதில்லை. நான்கு வருடமாக அவர் கண் இமைக்கவே இல்லை என்று சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. யார் வாயசைத்தாலும், “மொய்ன்.”

“அடேயப்பா, என்ன அடக்கமான மனுஷன்!” என்றது துறைமுகம்.

மே மாதத் துறைமுகத் திருவிழா. தோரா கரையை நெருங்கும்போது எண்ணெய்க் குவளை ஒன்று கவிழ்ந்தது. ஹின்னர்க் குனிந்தார். மூன்றே மூன்று விநாடி. முள் ‘பின்னே’க்குப் போனது, மணி தொண்டை கிழியக் கத்தியது. தோரா போய்க் கரையில் முட்டியது. யாருக்கும் காயமில்லை. ஒருவர் கையிலிருந்த மீன் பன் மட்டும் பறந்தது. தரையில் விழுமுன் அதைக் கவ்விய கடற்பறவை இன்றும் அதே இடத்தில் அடுத்த முட்டலுக்குக் காத்திருக்கிறது.

ஹைன்கே ஏணியில் தடதடவென்று இறங்கினாள்.

“மூணு தடவ அடிச்சேன்! தூங்கிட்டீங்களா ஹின்னர்க்?”

ஏணி அதிர்ந்ததை உள்ளங்கால் சொல்லிவிட்டது. அவர் திரும்பாமலே சொன்னார்: “மொய்ன்.”

அவளுக்குச் சந்தேகம் வந்தது. பிறகு அவர் முதுகுக்குப் பின்னால் வந்து சொன்னாள்: “ஹின்னர்க், படகுல தீப்பிடிச்சிருச்சு.” சொல்லிவிட்டுத் தோளைத் தொட்டாள்.

“மொய்ன்” என்றார் அவர்.

ஹைன்கே சாக்கட்டியை எடுத்துப் பலகையில் எழுதினாள்: “எத்தனை நாளா?”

ஹின்னர்க் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“நாலு வருஷம் இருக்கும். எப்பன்னு சரியாத் தெரியல ஹைன்கே. வீட்ல பேச ஆள் இருந்தாத்தானே, காது போனது தெரியும்?”

“நான் என்னமோ உங்களுக்குத் தலைக்கனம்னு...” என்று தொடங்கியவள், கேட்காதென்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள். ‘இனி கீழே வேண்டாம்’ என்று எழுதினாள்.

“அப்ப வீட்டுக்குப் போயிடவா?”

அவள் தலையாட்டி மறுத்து மேலே காட்டினாள். மேல்தளத்துத் தண்ணீர்ப் பீரங்கி. ‘அங்க இரைச்சல்ல எல்லாரும் செவிடுதான். கையாலதான் பேச்சு’ என்று எழுதினாள்.

அடுத்த ஓட்டத்தில் ஹின்னர்க் பீரங்கியைப் பிடித்து நின்றார். எதிரே நின்றவர்களின் கைகள் வலது, இடது, உயரே என்று சொல்ல, எல்பே நதி நீர் வானத்துக்கு எழுந்தது. அத்தனை வருடத்தில் தோரா பீய்ச்சுவதை அவர் பார்ப்பது இதுவே முதல் தடவை. கீழே யாரோ ஒருவருடைய கைகள் அவருடைய இன்ஜினை ஓட்டிக்கொண்டிருந்தன. ஏதோ சரியில்லை என்று உள்ளங்கால் சொன்னது.

“மூணாவது சிலிண்டர் பின்தங்குது!” என்று கத்தினார். “மூணாவது!”

மூன்று விரல்களை உயர்த்தியும் காட்டினார். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. சந்தோஷத்தில் கையாட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு, சுக்கானருகே இருந்து ஹைன்கேயும் சிரித்துக் கையாட்டினாள்.