நான் மாற்றிக் கேட்ட கேள்வி

தோட்டத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. "ஐயா கை பட்டா போதும்லா, எந்தப் புண்ணும் ஆறிடும்" என்பார்கள். கோலசிலாங்கூரிலிருந்து ஜெராம் போகும் சாலையில் ரப்பரும் செம்பனையும் கலந்த தோட்டம் அது. எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரஸர், மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிறவன். டாக்டர் மாதத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்ப்பார். மற்ற நாள்களில் காய்ச்சல், வெட்டுக்காயம், பாம்புக்கடி எல்லாம் என் தலையில்தான். அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். மறைக்க என்ன இருக்கிறது? அந்தப் பெயருக்காகத்தான் ஒரு பெண்ணின் கையைக் கெடுத்தேன்.

அவள் கலும்பாங்கிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. இருபது வயது இருக்கும். பால்மரம் வெட்டுவதில் கெட்டிக்காரி என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோரே சொல்வார், அவர் லேசில் யாரையும் மெச்சாதவர். அவளுக்கு அது தலைப்பொங்கல். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்து வாசலில் மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டியிருந்தார்கள். பால் நுரைத்து மேலே வரும் நேரத்தில் ஒரு செங்கல் சரிந்து பானை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முதல் பொங்கலில் பானை கவிழ்ந்தால் எல்லாக் கண்ணும் புது மருமகள் மேல்தான் திரும்பும். அவள் யோசிக்கவில்லை. வலது உள்ளங்கையைக் கொடுத்துப் பானையைத் தாங்கினாள். பால் வழிந்து, சுற்றி நின்றவர்கள் "பொங்கலோ பொங்கல்" என்று கூவி, யாரோ செங்கல்லை நகர்த்தி வைக்கும்வரை கையை எடுக்கவே இல்லை.

கணவன் அவளைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தான். உள்ளங்கையும் விரல்களின் உட்பக்கமும் வெளுத்துக் கிடந்தன. ஓரத்தில் உயிர் போகிறது, நடுவில் தொட்டால் ஒன்றும் தெரியவில்லை என்றாள். அது நல்ல அறிகுறி அல்ல. தோல் முழு ஆழத்துக்கும் வெந்துவிட்டது என்றும், பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றும் எனக்கு நன்றாகவே தெரியும். தோட்டத்து வேன் டிரைவர் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தார் என்பது ஒரு சாக்கு. கேட்டிருந்தால் துரை தன் காரையே கொடுத்திருப்பார். ஆனால் அனுப்பினால், ஐயாவால் முடியவில்லை என்று லயம் முழுக்கப் பேச்சாகிவிடுமே! களிம்பு தடவினேன். விரலை மடக்கினால் வலி குறைகிறது என்றாள். மடக்கியபடியே வைத்து, குத்துச்சண்டைக்காரன் கைபோல் உருண்டையாகக் கட்டினேன். பார்க்க அழகான கட்டு.

ஏழு வாரத்தில் புண் ஆறியது. ஆஹா என்றார்கள். ஆனால் ஆறிய தழும்பு நாளுக்கு நாள் இறுகி, விரல்களை உள்ளங்கைக்குள் இழுத்துக்கொண்டே போனது. விரல்களுக்கு அடியில் பலகை வைத்து நீட்டிக் கட்டியிருக்க வேண்டும். பயிற்சியில் படித்ததுதான். சோம்பலில் மறந்தேனா, அவசரத்தில் விட்டேனா, இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

"விரிக்க முடியலைங்க ஐயா," என்று வந்து நின்றாள்.

"நீ பயிற்சி பண்ணலம்மா. வலிக்குதுன்னு மடக்கியே வெச்சிருந்தா எப்படி விரியும்? சோம்பேறித்தனம்."

எம்.சி. என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டுக் கேட்டு வந்து வயிற்றைப் பிடிப்பவர்களைப் பார்த்துப் பார்த்து யாரையும் நம்பாத புத்தி எனக்கு வந்திருந்தது. அவள் எம்.சி. கேட்கவே இல்லை. இருந்தும் சீட்டில் 'வேலை செய்யலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலை, மடங்கிய விரல்களுக்குள் இடது கையால் கத்தியைச் செருகிக்கொண்டு அவள் மரத்துக்குப் போவதை ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மரப்பட்டையெல்லாம் காயமாகிறது என்று மண்டோர் ஒரே வாரத்தில் அவளைப் புல் வெட்டுக்கு மாற்றிவிட்டார். அப்புறம் கணவன் வந்தான். "ஐயா, இவ கை இனிமே இப்படியேதானா?" என்று கேட்டான். அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் தேவலை. என் முகத்தைப் பார்த்து நம்பிக்கையோடு நின்றான். அடுத்த முறை டாக்டர் வந்தபோதுதான் அவள் கையை அவருக்குக் காட்டினேன். அவர் உடனே கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார்.

அங்கிருந்த பிளாஸ்டிக் சர்ஜன் வெளிநாட்டுக்காரர். ஆங்கிலம் தவிர வேறு பேச்சு தெரியாது. மொழிபெயர்க்க நான் போனேன். என்னைத் தோட்டத்திலிருந்து துணைக்கு வந்த ஆள் என்றே நினைத்துக்கொண்டார், நானும் திருத்தவில்லை. மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். இவ்வளவு ஆழமான தீக்காயத்துக்கு விரல்களை மடக்கிக் கட்டியது யார் என்று அவளிடம் கேட்கச் சொன்னார்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். "விரலை நீட்டாம ஏம்மா மடக்கியே வெச்சிருந்தேன்னு கேக்கறாரு" என்றேன்.

அவள் தலை குனிந்தது. "என் தப்புதாங்க. ஐயா அப்பவே சொன்னாரு. வலி பொறுக்காம நான்தான் மடக்கிட்டேன்."

தன் தவறுதான், சொல்லியும் வலி பொறுக்காமல் மடக்கிவிட்டேன் என்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பதிலை ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். கேள்வியைத்தான் திருடிக்கொண்டேன். அவர் பெருமூச்சு விட்டு, இந்த ஜனங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லுங்கள் என்றார். தலையாட்டினேன். வெட்கமாக இருந்தது, அதைவிடத் தப்பித்த நிம்மதி அதிகமாக இருந்தது.

என்ன செய்யப் போகிறார் என்பதை ஒரு தாளில் வரைந்து காட்டினார். தழும்பை அறுத்து விரல்களை நீட்டி, மெல்லிய கம்பி செருகி அப்படியே நிறுத்துவது. அறுத்த இடத்தில் விழும் பள்ளத்துக்குத் தொடை இடுக்கிலிருந்து தோலை எடுத்துத் தைப்பது. அதன்மேல் பஞ்சு உருண்டையை வைத்து அழுத்திக் கட்டுவது. ஒட்டிய தோலுக்குக் கீழேயிருந்து இரத்தம் வந்து சேரும்வரை அது அசையவே கூடாது. அசைந்தால் கருகிவிடும், எல்லாம் வீண். கட்டைப் பிரிக்கும் நாளில் நானும் போயிருந்தேன். எனக்குக் கடவுள் நம்பிக்கை அவ்வளவாகக் கிடையாது. அன்று வேண்டிக்கொண்டேன், அவளுக்காகப் பாதி, எனக்காகப் பாதி. பஞ்சை எடுத்ததும் தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. பிடித்துவிட்டது.

கம்பிகளை எடுத்துவிட்டுத் திரும்பும் வேனில், மடியில் கிடந்த கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். "ஐயா மட்டும் கூட்டிக்கிட்டு வரலேன்னா என் கை போயிருக்கும்" என்றாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "பலகையைக் கழட்டாம போட்டுக்க. ஆறு மாசம்" என்றேன்.

சொன்னபடி போட்டுக்கொண்டாள். கை முழுசாக இல்லாவிட்டாலும் விரிந்தது. மறுபடி மரம் வெட்டினாள்.

இரண்டு வருடம் கழித்து, சுடுதண்ணீரைக் கையில் கொட்டிக்கொண்ட ஒரு சின்னப் பெண்ணை அதன் தாய் தூக்கி வந்தாள். விரல்களை நீட்டிக் கட்ட நான் பலகையை எடுத்துக்கொண்டு, கட்டியதும் வேனில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போகிறேன் என்றேன். தாய் மறுத்தாள். "அங்கெல்லாம் வேணாங்க. ஐயாவே கட்டுங்க, ஐயா கை பட்டா ஆறிடும்."

பக்கத்து பெஞ்சில், தன் பிள்ளைக்கு ஊசி போட வந்து, தலைப்பொங்கலில் கை வெந்தவள் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"ஐயா சொன்னா கேளுக்கா. நான் கேக்காமதான் என் கை மடங்கிப் போச்சு. பாரு." வலது கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையின் நடுவில் அந்தத் தோல் மட்டும் வேறு நிறத்தில் தெரிந்தது. "தப்பு பண்ணது நானு. அப்பவும் ஐயா கைவிடல."

பெஞ்சில் இருந்த எல்லாரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். பலகை எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பலகை என் கையில்தான் இருந்தது.