ஒரு வாரக் கெடு

ஸ்பிரிண்ட் எத்தனை வாரம் என்று முடிவெடுக்க எங்களுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த முடிவு தப்பு என்று ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று மாதம் பிடித்தது.

இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுவில் நடந்த கதை இது. நெய்வேலி ஆர்ச்சுக்கு வெளியே ஒரு டயர் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. மொத்தம் ஐந்து பேர். முதலாளி சென்னையில் இருந்தார், நான் குழுவுக்கு லீடு. ஆறு வருடம் சென்னையில் வேலை பார்த்துவிட்டு, சொந்த ஊரிலேயே கணினி வேலை கிடைக்கிறது என்றதும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தவள் நான். சுரங்கத்தில் பர்மனெண்டாக இருந்த அப்பா ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, அம்மாவும் அவருமாக வாடகை வீட்டுக்கு மாறியிருந்த நேரம். இனி இந்த ஊரை விட்டுப் போவதில்லை என்று சபதம் போட்டிருந்தேன்.

எங்களுக்கு இருந்தது ஒரே வேலைதான். டிப்பர் லாரிகளைப் பழுது பார்க்கும் ஒரு தனியார் பட்டறைக்கு மொபைல் செயலி செய்து தர வேண்டும். பட்டறை மூன்று ஷிப்டும் ஓடும். ஷிப்டுக்கு ஒரு சூப்பர்வைசர். ஷிப்டு மாறும்போது போகிறவர் வருகிறவரிடம் எந்த வண்டியில் என்ன வேலை முடிந்தது, எது பாக்கி என்று ஒப்படைப்பார். அதை ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த நோட்டின் இடத்தில் எங்கள் செயலி உட்கார வேண்டும்.

ஸ்பிரிண்ட் என்பது குழு தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் கெடு. இத்தனை நாளில் இதைச் செய்து முடிப்போம், முடித்ததைப் பயன்படுத்தப் போகிறவரிடம் காட்டுவோம், அவர் சொல்வதைக் கேட்டு அடுத்த கெடுவைத் தொடங்குவோம் என்பது ஏற்பாடு. முதலில் எல்லோரையும் போல இரண்டு வாரம் வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டு விடும். அந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்டில் இருக்கிற சூப்பர்வைசர் வீட்டுக்குப் போகிற வழியில் எங்கள் மாடிக்கு வந்து பார்ப்பார். அங்கேதான் வம்பு. ஷிப்டு வாரா வாரம் மாறும். ஒருவர் கேட்டதை இரண்டு வாரம் கழித்து இன்னொருவர் வந்து பார்த்தார். "இதை யார் உங்களைக் கேட்டா?" என்று அவர் எங்களையே திருப்பிக் கேட்டார். செய்ததைப் பிரிப்பதும் பிரித்ததைச் செய்வதுமாக இரண்டு மாதம் போயிற்று.

எங்கள் ஐந்து பேரில் நான்கு பேர் சுரங்கத்து ஊழியர் குடியிருப்பான டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்கள். ஷிப்டு என்றால் எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. வீட்டுக் காலண்டரில் அப்பாவின் ஷிப்டு எழுதியிருக்கும். சினிமாவுக்குப் போவதா, விருந்தாளியைக் கூப்பிடுவதா எல்லாம் அதைப் பார்த்துத்தான். ஃபர்ஸ்ட், செகண்ட், நைட் என்று மூன்று வாரத்தில் ஒரு சுற்று முடிந்து மறுபடி அதே இடத்துக்கு வரும். ஆகவே நான் வெள்ளைப் பலகையில் 'மூன்று வாரம்' என்று எழுதியதும் எல்லோரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை காட்டினால் ஒவ்வொரு தடவையும் அதே சூப்பர்வைசர்தான் வருவார். கேட்டவரே வந்து பார்ப்பார். இதைச் சென்னைக்காரர்கள் யோசித்திருப்பார்களா என்று எனக்குப் பெருமை வேறு.

அப்படி அமைந்தவர் தங்கமான மனிதர். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டவர். மாடியேறி வந்து, கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, "சூப்பர்மா, சூப்பரா பண்ணிக்கினு வரீங்க" என்பார். எங்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும். முடித்த வேலையெல்லாம் மேலே பச்சை நிறத்தில் வர வேண்டும் என்றார், செய்தோம். முடித்த வேலைக்குப் படம் எடுத்துப் போட வேண்டும் என்றார், அதையும் செய்தோம். நான்கு ஸ்பிரிண்ட் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று.

பிறகு செயலியைப் பட்டறையில் மூன்று ஷிப்டுக்கும் கொடுத்தோம். நான்காம் நாளே மற்ற இரண்டு சூப்பர்வைசர்களும் நோட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

முதலாளி போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் மெதுவாகச் சொன்னார்: "ஆறு வாரம் டைம். மூணு சூப்பர்வைசரும் ஏத்துக்கிட்டோம்னு கையெழுத்துப் போட்டுத் தரணும். இல்லேன்னா நெய்வேலி ஆபீஸை மூடிடலாம். வர்றவங்க சென்னைக்கு வாங்க." போனை வைத்துவிட்டுச் சற்று நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. அதைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது.

மறுநாள் மத்தியானம் பட்டறைக்குப் போய் ஷிப்டு மாறுவதை நின்று பார்த்தேன். இத்தனை மாதத்தில் ஒரு தடவைகூட நான் அதைப் பார்த்ததில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். உள்ளே வந்தவர் அதிகம் பேசாதவர், ஒல்லியான ஆள். நோட்டை வாங்கினார். முடிந்த வேலைகள் எழுதியிருந்த முதல் பக்கத்தைப் பார்க்கவேயில்லை. விரல் நேராகக் கடைசி வரிகளுக்குப் போயிற்று. எந்த வண்டி பாதியில் நிற்கிறது, எதைக் கிளப்பக் கூடாது என்பது அங்கேதான் இருந்தது. எங்கள் செயலியில் அந்த வரிகளைப் பார்க்க அவர் மூன்று பச்சைப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு கீழே போக வேண்டும். செய்ததைச் சொல்லிக்கொள்ள ஆசைப்பட்டவருக்கு ஏற்றபடி கட்டியிருக்கிறோம், வேலையை வாங்கிக்கொள்கிறவருக்கு அதில் ஒன்றுமே இல்லை என்று அங்கே நிற்கும்போதே புரிந்தது.

அலுவலகத்துக்கு வந்ததும் பலகையை அழித்து 'ஒரு வாரம்' என்று எழுதினேன். வாரா வாரம் காட்டினால் வாரம் ஒருவர் வருவார். ஆறு வாரத்தில் மூவரும் இரண்டு தடவை பார்த்துவிடுவார்கள். ஒருவர் கேட்டதை அடுத்த வாரமே அவருக்கு அடுத்தவர் பார்ப்பார். அவர் பிடிக்கவில்லை என்றாலும் ஒரு வார வேலைதான் வீண்.

குழுவில் ஒருவரும் சிரிக்கவில்லை. சேத்தியாத்தோப்பிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிற, செய்ததையெல்லாம் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் தம்பிதான் முதலில் வாயைத் திறந்தான். வீட்டில் கைக்குழந்தை இருந்தது அவனுக்கு. சென்னைக்குப் போவது ஆகாத காரியம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

"இன்னாக்கா இது? ஒரு வாரத்துல இன்னாத்த கட்டறது, இன்னாத்த டெஸ்ட் பண்றது? வெள்ளிக்கிழமை வந்துகினே இருக்குமே!"

"வரட்டும். ஒரு வாரத்துல முடியற அளவுக்கு மட்டும் எடுப்போம்."

"அது ஒரு பட்டனுக்குத்தான்க்கா ஆவும்."

"அப்ப ஒரு பட்டன் பண்ணு. அதையும் காட்டு."

அவன் முறைத்தான். நானும் முறைத்தேன். விடாப்பிடி என்று அம்மா என்னைத் திட்டுவாள். அந்த ஆறு வாரமும் அந்தத் திட்டுக்கு முழுத் தகுதியோடு இருந்தேன். பெரிய ஆசைகளையெல்லாம் வெட்டினேன். முதல் வாரம், பாக்கி வேலைகளை மேலே கொண்டுவந்தோம். கண்ணாடிக்காரருக்கு முகம் சுருங்கியது. இரண்டாம் வாரம் வந்தவர் குரல் பெருத்தவர். "பச்சை போயிடுச்சா, நிம்மதி" என்றார். எதைக் கிளப்பக் கூடாதோ அது சிவப்பில் வர வேண்டும் என்று கேட்டார். மூன்றாம் வாரம் ஒல்லியானவர் சிவப்பைப் பார்த்து, முதல்முறையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஐந்தாம் வாரம் முடியும்போது இரண்டு கையெழுத்து கையில் இருந்தது. மிச்சம் ஒல்லியானவர்தான்.

ஆறாம் வெள்ளிக்கிழமை அவர் வந்தார். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். பேனாவை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இதுல போறவரே முடிச்சிட்டுப் போயிடலாம் போலிருக்கேங்க. நான் வாங்கிக்காம, அவர் குடுத்ததா எப்படி ஆவும்?"

டெஸ்டர் தம்பி என்னைப் பார்த்தான். கெஞ்சினால் அவர் போட்டுவிடுவார், நல்ல மனிதர். ஆனால் திங்கட்கிழமை நோட்டை எடுத்துவிடுவார். நான் பேனாவை மூடி வைத்தேன்.

"அடுத்த வாரம் உங்களுக்கு என்ன ஷிப்டுங்க?"

"செகண்டு. ரெண்டு மணிக்கு வந்துடுவேன்."

"நானே பட்டறைக்கு வரேன்."

அவர் இறங்கிப் போனதும் முதலாளியைக் கூப்பிட்டேன். "இன்னைக்கே கையெழுத்து வாங்கலாம். ஆனா அது வெறும் கையெழுத்தாத்தான் இருக்கும். இன்னும் ஒரே ஒரு வாரம் குடுங்க" என்றேன். "ஒரு வாரம். அதோட சரி" என்றார்.

அந்த வாரம் டெஸ்டர் தம்பி சொன்னதுபோலவே ஒரே ஒரு பட்டன்தான் செய்தோம். வருகிறவர் படித்துவிட்டு 'பெற்றுக்கொண்டேன்' என்று அழுத்தினால்தான் போகிறவரின் ஷிப்டு முடியும்.

வெள்ளிக்கிழமை இரண்டு மணி. கண்ணாடிக்காரர் ஃபர்ஸ்ட் ஷிப்டு முடித்து நின்றார். ஒல்லியானவர் போனை வாங்கிப் படித்தார். அழுத்தவில்லை. தலையைத் தூக்கிப் பட்டறையின் கோடியைப் பார்த்தார்.

"அந்த ரெண்டாவது டிப்பர் ஜாக்கிலயா நிக்குது?"

கண்ணாடிக்காரர் முகம் மாறியது. "ஆமாம்பா. எழுதல பாரு."

உடனே எழுதினார். சிவப்பில் வந்தது. ஒல்லியானவர் அதைப் படித்துவிட்டு அழுத்தினார். பிறகு என்னிடம் கையை நீட்டிப் பேனாவைக் கேட்டார். தாளை அவர் முதுகுப்பக்கம் நின்ற லாரியின் கதவில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அலுவலகம் பிழைத்தது. ஐந்து பேரும் ஊரிலேயே இருப்போம்.

கிளம்பும்போது கண்ணாடிக்காரர் பின்னாலேயே வாசல் வரை வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, மூணு மாசமா என்னை மட்டும் கூப்ட்டுக் கூப்ட்டு ஏம்மா கேட்டீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"நீங்கதான் சார் நல்லாருக்குன்னு சொன்னீங்க."