இரண்டு தரை வீடு

எங்கள் வீட்டில் அறை இரண்டுதான். இரண்டுக்கும் இரண்டு தரை. உள்ளறையில் சாணம் மெழுகிய மண் தரை. முன்னறையில் சிவப்புச் சிமெண்டுத் தரை. எழுபதுகளில் மரக்காணத்து உப்பளத் தொழிலாளி வீட்டில் சிமெண்டுத் தரை என்றால், பார்க்க வருகிறவர்கள் காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். அந்தப் பெருமைக்காகத்தான் என் வீட்டுக்காரர் அதைப் போட்டார் என்று இன்றும் சொல்வேன். அவர் சொன்ன காரணம் வேறு. எனக்கு அப்போது நாலு மாதம்.

"பொறக்கப்போற புள்ள சிமெண்டு தரையிலதான் தவழணும்."

தரையை உயர்த்த ஆற்று மணல் கொட்டச் சொன்னார் கொத்தனார். இவரோ உப்பளத்திலிருந்து களிமண்ணைக் கொண்டுவந்து குவித்தார்.

"உப்பு மண்ணு வேணாங்க. ஈரத்த இழுத்துக்கினே இருக்கும்."

"ஏம்பா, நாங்க மிதிச்ச பாத்தியில கடல் தண்ணியே கீழ இறங்காது. எனக்கே மண்ணப் பத்திச் சொல்றியா?"

உப்புப் பாத்தியை மிதித்து இறுக்குவதுபோலவே அந்த மண்ணையும் இவர் மூன்று நாள் மிதித்தார். கடைசி நாள் என்னையும் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். சேறு சில்லென்று இருந்தது. இருவரும் சிரித்துக்கொண்டே மிதித்தோம். அதன்மேல் சிமெண்டு போட்டார்கள்.

ஐப்பசி மூட்டத்தில் தரை வியர்க்க ஆரம்பித்தது. துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடி ஈரம். காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. இரண்டு தரையும் சேருகிற இடத்தில் மண் கரைந்து பள்ளமாகி, சிமெண்டு விளிம்பு துருத்திக்கொண்டு நின்றது. எத்தனை தடவை மண் வைத்து அடைத்தாலும் நிற்கவில்லை.

"ஏங்க, இத பேத்துடுங்க. பயமா இருக்குது."

"வெயில் வந்தா காஞ்சிடும். பாத்து நட."

பார்த்துதான் நடந்தேன். போகப் போக முன்னறைக்குப் போவதையே விட்டுவிட்டேன். சாப்பாட்டுத் தட்டை உள்ளேயிருந்தே நீட்டுவேன். "மகாராணி வெளிய வர மாட்டாங்களா?" என்று கேலி செய்வார். எனக்கு ஆத்திரமாக வரும்.

எட்டாம் மாதம், ஒரு காலையில் திடீரென்று மழை பிடித்தது. வாசலில் விறகு நனைகிறதே என்று ஓடினேன். அந்த ஒரு தடவைதான் பார்க்காமல் போனேன். ஒரு கால் பள்ளத்தில் இடறியது. மறு கால் ஈரச் சிமெண்டில் வழுக்கியது. இரண்டு நாள் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை.

புதைத்துவிட்டு வந்தவர் கடப்பாறையை எடுத்துத் தரையைப் பேர்த்தார். நான் உள்ளறையில் மண் தரையில் கிடந்தேன். வாய்க்கு வந்தபடியெல்லாம் அவரைத் திட்டவேண்டும் என்று காத்திருந்தேன்.

சத்தம் சட்டென்று நின்றது. எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். பேர்த்த சிமெண்டுக்குக் கீழே களிமண் அன்று கொட்டியதுபோல ஈரமாக இருந்தது. அதில் அவருடைய பெரிய காலடிகள். நடுவே குதிகால் ஆழமாகப் பதிந்த சின்னக் காலடிகள், என்னுடையவை.

அவர் அவற்றின்மேல் கடப்பாறையைப் போட மாட்டாமல் நின்றார். நான்தான் இறங்கி, காலாலேயே தேய்த்து அழித்தேன்.