இருபத்துநான்கு செம்பருத்திக் குச்சிகளில் மிச்சம் ஏழு

14-8-1983, காலை 6.15. நட்டவை இருபத்துநான்கு. உயிரோடு இருப்பவை ஏழு.

சுங்குவார்சத்திரம் லாட்ஜ் மாடிவாசிகளே, குழாய்க்கு மேலே ஒட்டியிருக்கிறேன். பல் விளக்கிக்கொண்டே படியுங்கள்.

சேரப்பணஞ்சேரி கிராமத்து அடுக்குச் செம்பருத்தியைக் கம்பெனி மதில் கட்ட வேரோடு பிடுங்கிவிட்டார்கள். அந்தச் செடியில் மிஞ்சியது இந்தக் குழாயடியில் என் மணல் டின்களில் நட்ட குச்சிகள் மட்டும்தான்.

இன்று பக்கத்து அறை முனுசாமி ஒரு குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னாடா பண்றே?"

"வேர் வுட்டுச்சான்னு இஸ்து பாத்தேன்பா. திரும்ப நட்டுட்றேன், இன்னா இப்போ?"

"தினமுமா?"

"நான் காலைல மட்டுந்தான். செகண்ட் ஷிப்ட் முடிச்சு தாமஸ் பாக்கறான். நைட் ஷிப்ட் முடிச்சு செல்வம் பாக்கறான்."

மூன்று ஷிப்டிலும் இன்ஸ்பெக்‌ஷன்! புது வேர் நூலைவிட மெல்லியது. இழுத்தால் அறுந்துவிடும், முட்டாள்களே.

இனி நான் செய்யப்போவது:

1. ஆறு குச்சிகள் என் கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்குப் போகின்றன.
2. ஒன்றைக் கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் ஊற்றி இங்கேயே வைக்கிறேன். வேர் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வெளியிலிருந்தே பாருங்கள்.
3. மறுபடி இழுப்பவன் ஷிப்ட் முடிந்து படுத்ததும், மணிக்கொரு தரம் உலுக்கி எழுப்பி, தூக்கம் வந்துவிட்டதா என்று கேட்பேன்.